கால் மக்கிய கோயிலைத் தூக்கி நிறுத்திய கதை: கிஷி தீவின் மரத் தேவாலயம்

முழு மரக்கட்டைகளைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீட்டுக்குப் பெரும்பாலும் காலில்தான் முதலில் நோவு வரும். மண்ணை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு வரிசைகள் ஈரத்தை உறிஞ்சும், கோடையில் உலரும், பனி உருகும்போது மறுபடி நனையும். இப்படி எண்பது நூறு வருடம் ஓடினால் அடிக்கட்டை மக்கிப் பஞ்சாகிவிடும். மேலே உள்ள சுவர் இரும்பு மாதிரி இருந்தாலும் வீடு ஒரு பக்கம் சாயத் தொடங்கும்.

ரஷ்யாவின் வடக்கே கிராமத்துத் தச்சர்களுக்கு இது பழகின வேலை. நீண்ட கழிகளை நெம்புகோலாகக் கொடுத்து ஒரு மூலையைக் கொஞ்சம் தூக்குவார்கள். மக்கின கட்டையை உருவிவிட்டுப் புதுக் கட்டையைச் செருகுவார்கள். அப்புறம் வீட்டை மெல்ல இறக்குவார்கள். கூரையில் கைவைக்க வேண்டியதில்லை, மேல்சுவரைப் பிரிக்க வேண்டியதில்லை.

இதே நோவு 37 மீட்டர் உயரமும் 22 குவிமாடங்களும் கொண்ட ஒரு கோயிலுக்கு வந்தால் என்ன செய்வது? கரேலியாவில், ஒனேகா ஏரியின் நடுவே உள்ள கிஷி தீவில் இந்தக் கேள்விக்கு விடை காண 40 வருடம் ஆனது. 1980-ல் மூடிய கோயிலின் சீரமைப்பு 2020-ல்தான் முடிந்தது. அந்த 40 வருடத்தில் பாதிக்கு மேல் என்ன செய்வது என்று முடிவெடுக்கவும், எடுத்த ஒரு முடிவின் பின்விளைவைச் சமாளிக்கவுமே போயிற்று. கடைசியில் கைகொடுத்தது நெம்புகோல் வைத்து மூலையைத் தூக்கிய அந்தக் கிராமத்துத் தச்சரின் யோசனைதான். அளவு மட்டும்தான் பெரிது.

பழைய மரக் கட்டடங்களைக் காப்பாற்றுவதில் அக்கறையுள்ள எவரும் இந்த ஒரு நிகழ்வையாவது நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டடமும் அதன் இடமும்

கிஷி சிறிய தீவு. நீளம் சுமார் 6 கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர். கரேலியாவின் தலைநகரான பெத்ரோசாவோத்ஸ்கிலிருந்து கோடையில் படகில் போகலாம். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும். தீவின் தென்பகுதியில் ஒரே சுற்றுவேலிக்குள் மூன்று மரக் கட்டடங்கள் நிற்கின்றன: 1714-ல் கட்டிய உருமாற்றத் தேவாலயம், 1694-ல் எழும்பி 1764-ல் இப்போதைய வடிவம் பெற்ற, 9 குவிமாடங்கள் கொண்ட அன்னை மரியாவின் அடைக்கலத் தேவாலயம், 1862-ல் கட்டி 1874-ல் திருத்திய மணிக்கூண்டு. பெரிய கோயில் கோடை வழிபாட்டுக்கு உரியது, அதில் கணப்பு கிடையாது. சிறியது குளிர்காலத்துக்கானது, கணப்பு உள்ளது. மூன்றையும் சேர்த்து 1990-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது.

இந்த ஆய்வு பெரிய கோயிலைப் பற்றியது. எண்கோண வடிவில் நடுக்கூடு, நான்கு திசையிலும் அதிலிருந்து நீளும் படிப்படியான சிறகுகள், மேலே போகப் போகச் சுருங்கும் இன்னும் இரண்டு எண்கோணங்கள், ஒவ்வொரு படியிலும் வெங்காய வடிவக் குவிமாடங்கள். பைன் கட்டைகள் சுமார் 30 சென்டிமீட்டர் கனம், 3 முதல் 5 மீட்டர் நீளம். அத்தனையும் கரையிலிருந்து நீர்வழியாக வந்தவை.

நெஸ்தர் என்ற தச்சர் வேலையை முடித்ததும் தன் கோடாலியை ஏரியில் எறிந்து, ‘இப்படி ஒன்று இருந்ததில்லை, இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை’ என்றாராம். கதைதான். ஆனால் அந்த ஊர் மக்கள் தங்கள் கோயிலை எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது. ஆணியே இல்லாமல் கட்டியது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. சுவர்க் கட்டைகளைப் பிணைப்பது வெட்டுவாய்ப் பொருத்துகள்தான், அங்கே ஆணிக்கு வேலை இல்லை. குவிமாடங்களைப் போர்த்திய மர ஓடுகளை ஆணி அடித்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

படுத்திருக்கும் மரம் எப்படி நிற்கிறது

கோயிலுக்கு என்ன ஆனது என்று புரிய, இந்த வகைச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னால் நடந்த தவறுகள் பலவும் இங்கிருந்துதான் வருகின்றன.

நமக்குப் பழக்கமான மரக் கட்டடத்தில் தூண் நிற்கும், அதன்மேல் உத்திரம் படுக்கும். பாரம் தூணின் நீளவாக்கில், நார் ஓடும் திசையிலேயே கீழே இறங்கும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட சுண்டவே சுண்டாது. அதனால் தூணின் உயரம் மாறாது. உருள்கட்டைச் சுவரில் தூணே கிடையாது. பாரம் ஒவ்வொரு கட்டையின் வயிற்றிலும் குறுக்காக அழுத்தியபடி இறங்குகிறது. குறுக்குவாக்கில் மரம் நன்றாகச் சுண்டும், அழுத்தத்தில் நசுங்கவும் செய்யும். 10 மீட்டர் உயரச் சுவர் நூற்றுக்கு 3 பங்கு சுண்டினாலே 30 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஆக, இந்தச் சுவர் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. இறங்கிக்கொண்டும் ஈரத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டும் இருக்கிறது. பழைய தச்சர்களுக்கு இது தெரியும். கதவு, சன்னல் நிலைகளுக்கு மேலே ஒரு இடைவெளி விட்டு அதில் பாசியை அடைப்பார்கள். சுவர் இறங்கினால் நிலை நெரிபடாது.

ஒவ்வொரு கட்டையிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் வாங்கி, கீழ்க்கட்டையின் முதுகில் அதைக் கவிழ்த்து உட்கார வைப்பார்கள். நடுவே பாசி. மூலையில் ஒரு கட்டையின் மேல் இன்னொன்று குறுக்கே வந்து உட்காரக் கிண்ணம்போல் வெட்டுவாய் எடுப்பார்கள். மேலிருந்து வரும் எடைதான் இத்தனையையும் இறுக்குகிறது. எடை இறுக்கும்வரை சுவர் ஒரே துண்டு. ஏதோ ஒரு இடத்தில் எடை வந்து சேராமல் போனால், அங்கே கட்டைகள் தளர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். மரத்தின் உலர் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. வடக்கத்திக் கைவினை முழுவதும் இந்த ஒரு எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்காகவே உருவானது மாதிரித் தெரிகிறது. கூரைப் பலகைக்கு அடியில் பிர்ச் மரப்பட்டை. அது தண்ணீரை விடாது. குவிமாடங்களில் ஆஸ்பென் மரத்தைக் கோடாலியால் செதுக்கிய சிறு ஓடுகள், இந்தக் கோயிலில் மட்டும் சுமார் 30,000. குவிமாடங்களுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இன்னொரு சாய்கூரை. மேலே ஒழுகி உள்ளே வந்த தண்ணீரை அது பிடித்து வாய்க்கால் வழியாக வெளியே தள்ளும். ஒழுகும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். ஒழுகாத கூரை ஒன்று தங்களால் முடியும் என்று அவர்கள் நம்பியிருந்தால் இந்தக் கோயில் 300 வருடம் நின்றிருக்காது.

கட்டையின் உள்ளே பிசின் ஏறிய வைரம், வெளியே வெளிறு. மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த பைன் மரத்தில் பூஞ்சைக்கு எளிதில் இடம் கிடைக்காது. வெளிறுதான் முதலில் போகும். அந்தக் குளிரில் கரையான் இல்லை, ஆனால் மரத்தைத் துளைக்கும் வண்டுகள் உண்டு. ஈரம் பட்ட வெளிற்றைப் பூஞ்சை மென்மையாக்கும், பிறகு வண்டு உள்ளே போகும். வெளியே சுவர் முழுசாகத் தெரியும், உள்ளே உளுத்திருக்கும்.

பலகைப் போர்வை

19-ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் கோயிலுக்கு ஒரு பெரிய மாற்றம் வந்தது. சுவர்களின் வெளிப்பக்கம் முழுவதையும் பலகை அடித்து மூடி வெள்ளை பூசினார்கள். குவிமாடங்களில் மர ஓட்டை எடுத்துவிட்டு இரும்புத் தகடு போட்டார்கள். கல் கட்டடம்போல் தெரிவது அன்றைக்கு மதிப்பாக இருந்தது. அழகு ஒருபுறம் இருக்க, அந்தப் பலகை நூறு வருடத்துக்கு மேல் மழையைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. உள்ளே இருந்த பைன் சுவர் நனையாமல் இருந்தது.

1949 முதல் 1959 வரை, கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் ஒபொலோவ்னிகோவின் பொறுப்பில் சீரமைப்பு நடந்தது. வடக்கத்தி மரக் கட்டடங்களை அளந்து, வரைந்து, ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டியவர்களில் அவர் முதல் வரிசைக்காரர். பிற்காலத்து ஒட்டுவேலைகளை நீக்கி, 1714-ல் இருந்த தோற்றத்தை மீட்பது அவர் நோக்கம். பலகையை உரித்தார்கள், தகட்டை எடுத்து ஆஸ்பென் ஓடு போட்டார்கள். இன்று உலகம் அறிந்த அந்த வெள்ளி மினுங்கும் கோயில் அப்போது வெளிப்பட்டதுதான்.

அதற்காக அவரைக் குறை சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர் மீட்டுக் காட்டியிராவிட்டால் இந்தக் கோயிலுக்காக உலகம் கவலைப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் ஒன்று நடந்தது. நூறு வருடத்துக்கு மேல் மழை தொடாமல் இருந்த பழைய சுவர், திடீரென்று ஏரிக்காற்றுக்கும் சாரலுக்கும் வெயிலுக்கும் திறந்துவிடப்பட்டது. பழைய கட்டைகளில் வெடிப்புகள் இருக்கும். மேல்நோக்கிய வெடிப்பு ஒவ்வொன்றும் மழைநீர் தேங்கும் தொட்டி. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியிருந்தது வருடா வருடம் ஏறிப் பார்த்து, வெடிப்பை அடைத்து, ஓட்டை மாற்றுவது. பிற்காலத்தில் ஒட்டியது எல்லாம் வேண்டாதது என்று நினைத்துவிட்டால், அது சத்தமில்லாமல் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது கண்ணில் படாமல் போகும்.

இரும்புக் கூண்டு

1960-களிலும் 70-களிலும் சுவர்கள் சாய்வதும் பிதுங்குவதும் கவலைக்குரிய அளவுக்கு வந்தன. கட்டைகள் பல உள்ளே உளுத்திருந்தன. விழுந்துவிடுமோ என்ற அச்சம். 1980-ல் கோயிலை மூடினார்கள். உள்ளே இருந்த திருவுருவத் தட்டியை, அதாவது பலிபீடத்தை மறைத்து நிற்கும் நான்கு அடுக்குப் படத்தடுப்பை, 102 திருவுருவப் படங்களோடு கழற்றி எடுத்துப் பாதுகாத்தார்கள். தரையையும் உள்விதானத்தையும் பிரித்தார்கள். 1981-க்கும் 1983-க்கும் இடையே கோயிலின் வயிற்றுக்குள் ஒரு பெரிய இரும்புச் சட்டகத்தை எழுப்பினார்கள். கட்டடத்தின் மேல்பகுதிகளை அது தாங்கும், சீரமைப்பு முடியும்வரை கோயில் விழாது என்பது கணக்கு.

கோயில் விழவில்லை. அது பெரிய விஷயம், மறுக்க முடியாது. அந்த நேரத்தில் அந்தச் சட்டகம் இல்லாவிட்டால் இன்று எழுத எதுவும் இருந்திராது என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஆனால் மேலே சொன்ன சுவரின் குணத்தை நினைத்துப் பாருங்கள். மரச்சுவர் இறங்கும், இரும்பு இறங்காது. சுவரின் சில பகுதிகள் இரும்பில் தொங்க, மற்றவை தம் போக்கில் இறங்க, எடை வர வேண்டிய வழி மாறிவிடுகிறது. இறுக்கிப் பிடித்த எடை போன இடத்தில் கட்டைகள் தளர்கின்றன. எடை குவிந்த இடத்தில் நசுங்குகின்றன. தற்காலிகம் என்று வைத்த ஊன்றுகோல் ஒரு தலைமுறைக்கு உள்ளேயே நின்றது. அதற்குள் சோவியத் ஒன்றியம் கலைந்தது, பணம் இல்லை, முடிவெடுக்க வேண்டியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோயில் உள்ளே வெறும் இரும்பும் இருட்டுமாக, வெளியே படம் எடுக்கும் பயணிகளுக்கு முழுசாகத் தெரிந்தபடி நின்றது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டகம் வைத்தது தவறில்லை. அதை வைத்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று தோன்றியதே, அதுதான் பெரிய சேதம். அவசரம் போனதும் வேலையும் நின்றது.

பிரிப்பதா, பிரிக்காமலா

எப்படிச் சீரமைப்பது என்பதில் மூன்று கட்சிகள் இருந்தன என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

முழுவதையும் பிரித்து, கெட்டதை மாற்றி, மறுபடி கட்டலாம் என்றது ஒன்று. இதற்கு மரபின் ஆதரவு உண்டு. அந்த நாட்டில் மர வீடு அசையும் சொத்து மாதிரி. கட்டைகளில் கோடாலியால் குறியிட்டுப் பிரித்து, வண்டியிலோ படகிலோ ஏற்றி வேறிடத்தில் கட்டிக்கொள்வார்கள். கிஷி அருங்காட்சியகத்திலேயே அதற்கு நல்ல சான்று நிற்கிறது: 1876-ல் கட்டிய ஒஷெவ்னெவ் குடும்பத்தின் வீடு. பக்கத்துப் பெரிய தீவிலிருந்து 1951-ல் பிரித்துக் கொண்டுவந்து கட்டியது. மக்கள் வாழும் பகுதியும் மாட்டுக்கொட்டிலும் வைக்கோல் பரணும் ஒரே கூரையின் கீழ், ஒரு பக்கம் நீண்டு சரியும் கூரையோடு, அழகான வீடு. அதைப் பிரிக்க முடிந்தது என்றால் கோயிலை ஏன் முடியாது?

முடியாததற்குக் காரணம் இருக்கிறது. முந்நூறு வருடம் ஒன்றின்மேல் ஒன்று அழுந்திய கட்டைகள் ஒன்றுக்கொன்று வடிவம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அழுத்தம் நீங்கிய கட்டை உலர்ந்து, முறுக்கி, திரும்பி வந்து பொருந்த மறுக்கும். பொருந்தாததை மாற்றிவிடலாம் என்று கை போகும். ஆயிரக்கணக்கான கட்டைகள் தரையில் கிடக்கும்போது, எது தேறும் எது தேறாது என்ற முடிவு எப்போதும் ‘புதுசு போட்டுவிடு’ என்ற பக்கமே சாயும். முடிவில் நிற்பது 1714-ன் கோயிலா, அதன் நகலா? அதோடு, நடுவில் பணம் நின்றுபோனால் கோயில் விறகுக் குவியலாகக் கிடக்கும். 1990-களின் ரஷ்யாவில் அது கற்பனைப் பயம் இல்லை.

எதையும் பிரிக்காமல், சட்டகத்தை நிரந்தரமாக்கி, மரத்தை மருந்தாலும் பிசினாலும் கெட்டிப்படுத்தலாம் என்றது இரண்டாவது. அப்படிச் செய்தால் சுவர் சுவராக இருக்காது. இரும்பில் மாட்டிய தோலாக ஆகிவிடும்.

மூன்றாவது, தூக்குவது. நீண்ட விவாதத்துக்கும் வெளிநாட்டு வல்லுநர்களின் வருகைகளுக்கும் பிறகு 1990-களின் இறுதியில் இதுவே தேர்வானது.

தூக்கியது எப்படி

கோயிலின் உயரத்தை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். உச்சி முதல் அடுக்கு, தரையை ஒட்டியது ஏழாவது. உள்ளே ஏற்கெனவே நின்ற இரும்புச் சட்டகத்துக்கு இப்போது உண்மையிலேயே ஒரு வேலை கிடைத்தது. அதில் தாங்கிகளையும் ஜாக்கிகளையும் பொருத்தி, மேல் ஆறு அடுக்குகளையும் அதன்மேல் ஏந்திக்கொண்டார்கள். ஏழாவது அடுக்குக்கும் ஆறாவதுக்கும் நடுவே இடைவெளி கிடைத்தது. கீழ் அடுக்கைக் கட்டை கட்டையாகப் பிரித்து, எண்ணிட்டு வெளியே கொண்டுவந்தார்கள்.

அப்போது எடுத்த படங்களைப் பார்த்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. 22 குவிமாடங்களோடு கோயில் மேலே நிற்கிறது; கீழே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். ஜாக்கி வைத்துக் கட்டடம் தூக்குவது நம் ஊர்களிலும் இப்போது நடக்கிறது. ஆனால் அங்கே அடியில் கான்கிரீட் சட்டம் ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இங்கே தூக்கியது சேர்ந்து நிற்பதற்கே எடையை நம்பியிருந்த, தளர்ந்த, சாய்ந்த மரக்கட்டைகளை.

தீவிலேயே ஒரு பெரிய பணிக்கொட்டகை எழுப்பியிருந்தார்கள். கழற்றி வந்த அடுக்கை அங்கே தரையில் முழு அளவில் மறுபடி அடுக்கினார்கள். இந்த ஒரு ஏற்பாட்டில்தான் முழு வேலையின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டடத்தில் நிற்கும்போது கட்டையின் ஒரு முகம்தான் தெரியும். கொட்டகையில் நாலு பக்கமும் பார்க்கலாம், தட்டிக் கேட்கலாம், எங்கே வைரம் மிச்சம், எங்கே பஞ்சு என்று துளைத்துப் பார்க்கலாம். பிதுங்கிய சுவரை மெல்ல நேராக்கலாம். புதுக் கட்டை பொருந்தவில்லை என்றால் எடுத்துத் திருத்தலாம்; 20 மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு செய்ய வேண்டியதில்லை. கொட்டகையில் சரியாக நின்ற பிறகே அதைப் பிரித்துக் கோயிலின் அடியில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அதன் பிறகு ஆறாவது அடுக்கு, அதன் பிறகு ஐந்தாவது, இப்படியே மேல்நோக்கி.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் அடுக்குகள் சந்திக்கும் இடத்தில். சீர்செய்த கீழ் அடுக்கு இப்போது நேராக, மட்டமாக நிற்கிறது. அதன்மேல் உட்கார வேண்டிய மேல் அடுக்கு இன்னும் பழைய கோணலோடுதான் இருக்கிறது. கோணலுக்கு ஏற்ப நேரானதை வெட்டினால் நோவு கீழே இறங்கிவிடும். வெட்டாவிட்டால் பாரம் சரியாக உட்காராது. ஒவ்வொரு எல்லையிலும் இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது. அதற்காக அளவெடுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. லேசர் கருவிகளால் சுவர்களின் அசைவை வேலை முழுவதும் கண்காணித்தார்கள்.

பழைய கட்டையில் எவ்வளவு வைத்துக்கொள்வது? ஒரு முனை மட்டும் மக்கியிருந்தால் அந்த முனையை மட்டும் வெட்டி, அதே இனத்துப் பைன் துண்டை ஒட்டுப்போட்டார்கள். முகம் மட்டும் கெட்டிருந்தால் முகத்தைச் செதுக்கி எடுத்துப் புதுத் துண்டைப் பதித்தார்கள். பாரம் தாங்க முடியாது என்று தெரிந்தால்தான் முழுக் கட்டையையும் மாற்றுவது. புதிய மரத்தைக் கரேலியக் காடுகளில் தேடினார்கள்: கனம் பொருந்த வேண்டும், வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், வைரம் போதுமான அளவு பாய்ந்திருக்க வேண்டும். வேகமாக வளர்ந்த தோட்டத்து மரம் இதற்கு ஆகாது. வளையம் அகன்ற மரம் அதிகம் உறிஞ்சும், அதிகம் சுண்டும். பழைய கட்டையும் அதுவும் ஒரே சுவரில் வேறு வேறு வேகத்தில் அசையும்.

கடைசி முகத்தைக் கோடாலியால் முடித்தார்கள். இது பழமைப் பற்று மட்டும் இல்லை. கோடாலி வழுக்கிச் செல்லும்போது நார் அமுங்கிப் படிந்து முகம் மூடிக்கொள்கிறது. ரம்பம் நாரைக் கிழித்துத் திறந்து வைக்கிறது, அது தண்ணீரைக் குடிக்கும் என்பது வடக்கத்தித் தச்சர்களின் அனுபவம். பழைய கட்டைகளில் இருந்த கோடாலித் தழும்புகளின் அகலத்தையும் சாய்வையும் பார்த்து, அதே மாதிரி தழும்பு விழும் கைவீச்சை இன்றைய தச்சர்கள் மறுபடி கற்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த நிறுவனத்தின் தச்சர்கள் வேலை செய்தார்கள். பிறகு அருங்காட்சியகத்தின் சொந்தத் தச்சர் குழுவும் வளர்ந்து பொறுப்பெடுத்தது. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். வேலை முடிந்தபோது கோயிலோடு, அதைப் பராமரிக்கத் தெரிந்த கைகளும் அந்தத் தீவில் மிஞ்சின.

மரக் கட்டடப் பாதுகாப்புக்கு உலக அளவில் ஒரு நெறித்தொகுப்பு உண்டு. நினைவுச்சின்னங்களைக் காக்கும் பன்னாட்டு வல்லுநர் அமைப்பான இகோமோஸ் அதை 1999-ல் மெக்சிகோவில் முதலில் ஏற்றது. 2017 டிசம்பரில் டெல்லியில் கூடியபோது திருத்திய வடிவத்தை ஏற்றது. கூடியவரை குறைவாகத் தலையிடு, மாற்றும் துண்டு அதே இன மரமாக இருக்கட்டும், பழைய கருவியும் முறையும் முடிந்தவரை இருக்கட்டும், புதிதாகச் சேர்த்ததைக் கண்ணை உறுத்தாமல் குறியிட்டு வை என்பவை அதன் சாரம். கிஷியில் நடந்ததை அந்த நெறிகளின் செயல்முறை என்றே படிக்கலாம்.

பக்கத்தில் எரிந்தவை

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, அதே ஒனேகா ஏரியின் கரையில் கொண்டொபொகா என்ற ஊரில், 1774-ல் கட்டிய 42 மீட்டர் உயர மரத் தேவாலயம் 2018 ஆகஸ்ட் 10 அன்று எரிந்து சாம்பலானது. ஒரு சிறுவன் வைத்த தீ. வைரம் பாய்ந்த மரம், திறமையான பொருத்து, இரண்டு நூற்றாண்டு மழை தாங்கிய கூரை எல்லாம் ஒரே நாளில் போயின.

அதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. வீத்தெக்ரா என்ற ஊரின் அருகே 1708-ல் கட்டிய பல குவிமாடத் தேவாலயம் கிஷிக் கோயிலுக்கு அக்கா மாதிரி. அது 1963-ல் எரிந்தது. எரிவதற்கு முன் எடுத்த அளவு வரைபடங்கள் கையில் இருந்ததால், பல வருடம் கழித்துப் பீட்டர்ஸ்பர்க் அருகே அதன் நகலைக் கட்ட முடிந்தது. நகல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவர்கள் கோணலோடும் உளுப்போடும் போராட வேண்டியிருக்கவில்லை.

மக்குவதை நூறு வருடம் தள்ளிப்போடலாம், தீக்கு ஐந்து நிமிடம் போதும். அதனால் மரக் கோயிலின் சீரமைப்புச் செலவில் தீயணைப்புக் குழாய், காவல், மின்கம்பி ஒழுங்கு ஆகியவற்றை ஓரத்தில் வைத்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை கட்டைக்கு ஒட்டுப்போடுவதற்குச் சமமான வேலை.

2020-க்குப் பின்

ஏழு அடுக்குகளும் முடிந்து, குவிமாடங்களுக்குப் புதிய ஆஸ்பென் ஓடுகள் போட்டு, 2020-ல் கட்டட வேலை நிறைவானது. நாற்பது வருடம் பிரிந்து கிடந்த திருவுருவப் படங்கள் சீர்செய்யப்பட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பின. உள்ளே மறுபடி ஆட்கள் போகிறார்கள்.

குறை ஒன்றும் இல்லையா? காலம்தான் பெரிய குறை. 1980-ல் முடிவெடுத்து, 1980-களிலேயே தூக்கியிருந்தால் இன்னும் அதிகமான பழைய கட்டைகள் தேறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாமதமான ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தையும் வண்டுகளையும் கூட்டிக்கொண்டே போனது. இன்னொன்று, இனி வரப்போவது. புதிய கட்டையும் பழைய கட்டையும் கலந்த சுவர் இனித்தான் தன் உட்காரலை உட்காரும். அதற்குச் சில பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அளவெடுப்பு நிற்கக்கூடாது. ஓடுகளை ஏறிப் பார்ப்பது நிற்கக்கூடாது. ஆஸ்பென் ஓடு எப்படியும் சில பத்தாண்டுக்கு ஒருமுறை மாற வேண்டியது. 1950-களுக்குப் பிறகு விட்டுப்போனது இந்தத் தொடர் கவனிப்புதான்.

புதிதாக வைத்தபோது ஆஸ்பென் ஓடுகள் வெண்ணெய் நிறத்தில் இருந்தன, புதிய பைன் துண்டுகள் தேன் நிறத்தில். சாம்பல் சுவரில் அவை தனித்துத் தெரிந்தன. பார்த்தவர்கள் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. ஏரிக்காற்றும் வெயிலும் பட்டு ஓடுகள் சில வருடத்திலேயே வெள்ளியாகும். பைன் மெதுவாக நிறம் மாறும். அது முடிந்த பிறகு எந்தக் கட்டை 1714-ல் வந்தது, எது நம் காலத்தில் வந்தது என்று கண்டுபிடிக்க, தச்சர்கள் போட்டுவைத்த குறியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.